பூஜ்யமும் ஒரு மகசூல்

விதி இதுதான். குலுக்கலில் தேர்வான வயலில் பயிர் சாய்ந்து கிடந்தாலும், பூச்சி தின்றிருந்தாலும், தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் அந்த வயலிலேயே அறுவடைப் பரிசோதனை நடத்த வேண்டும். விளைச்சல் மோசம் என்ற காரணத்துக்காக வேறு வயலுக்கு மாறக் கூடாது. பரிசோதனையின்போது வயலில் இருந்த பணியாளர்தான் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

இதில் புரியாததற்கு ஒன்றுமில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கடலூரில் நடக்கும் பயிற்சி வகுப்பில் பல வருடம் இதை நான்தான் நடத்தினேன். கரும்பலகையில் ஒரு சதுரம் போடுவேன். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். ஓர் ஊரில் எவ்வளவு நெல் விளைந்தது என்று தெரிந்துகொள்ள ஊர் முழுவதையும் அறுத்து நிறுக்க முடியாது. குலுக்கல் எண்களை வைத்துச் சில வயல்களை எடுப்போம். ஒவ்வொரு வயலிலும் இந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து, அடித்து, நிறுப்போம். சதுரத்தின் எடை ஊரின் எடை ஆகும். ஊர்கள் சேர்ந்து மாவட்டம் ஆகும். கடைசியில் நாட்டில் எத்தனை பேருக்குச் சோறு இருக்கிறது என்று டெல்லியில் யாரோ ஒருவர் மேடையில் வாசிப்பார். வகுப்பை இப்படித்தான் முடிப்பேன். கைதட்டல்கூட வரும்.

ஒரு வருடம் கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து, "சதுரம் பொய் சொன்னா என்னா சார் பண்றது?" என்று கேட்டார்.

"சதுரம் பொய் சொல்லாதும்மா" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த அம்மா பிறகு சிதம்பரம் அலுவலகத்தில் களப் பணியாளராக என்னிடமே வந்து சேர்ந்தார். நான் அலுவலகத் தலைவர். ஒன்பது வருடம் அவர் கொண்டுவந்த எண்களுக்கு அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய பெயரை ஒரு காகிதத்தில் எழுதி நான் செய்த காரியம் ஒன்று போதும்.

கடலோரத்துத் தேவனாம்பட்டினத்தில் பிறந்தவர். நெற்பயிரை நெருங்கிப் பார்த்ததே வேலைக்கு வந்த பிறகுதான் என்று அவரே சொல்வார். ரப்பர் செருப்பு, ஆண்கள் வைத்திருக்கும் பெரிய கறுப்புக் குடை, தோளில் ஒரு காக்கிப் பை. பைக்குள் அளவு நாடா, நான்கு இரும்பு முளைகள், சிவப்பு நைலான் கயிறு, பழைய புடவைத் துணியில் சுற்றிய தொங்குதராசு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கொல்லுப் பட்டறையிலிருந்து வருகிறவர் என்று நினைத்திருப்பார்கள்.

அவரிடம் ஒரே ஒரு குணம் இருந்தது. மற்ற குணங்கள் எல்லாம் அதன் கிளைகள். தாம் பார்க்காத எண்ணை அவர் எழுத மாட்டார். வாயாலும் சொல்ல மாட்டார்.

தைப்பூசத்துக்கு வடலூர் போய்விட்டு வந்தார். எங்கள் எழுத்தர் வாய்த்துடுக்குக்காரர். "கூட்டம் ஜாஸ்தியா மேடம்? லட்சம் பேர் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

"நான் நின்ன வரிசையில எனக்கு முன்னால நாப்பத்தேழு பேரு."

"பின்னால?"

"திரும்பிப் பாக்கல."

"சாமி பாக்கப் போனீங்களா, சென்சஸ் எடுக்கப் போனீங்களா?"

"சாமி ஒண்ணுதான் சார், அதப் பாத்தேன்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடலூர்க் கூட்டங்களுக்கு ஜீப்பில் சேர்ந்து போவோம். மாவட்டத்தின் நிலவியல் பற்றி நான் வாயைத் திறந்தால் ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பிக்கொள்வார், நான் கொட்டாவியைப் பார்த்துவிடக் கூடாது என்று. மேற்கே முந்திரிக்கு வாய்த்த செம்மண், தெற்கே கொள்ளிடம் போட்ட வண்டல், கிழக்கே உப்பு ஏறிய கடலோரம் என்று நான் அடுக்குவேன். அவர் கேட்டுவிட்டு, "செம்மண்ணு செருப்புல ஒட்டும். களிமண்ணு செருப்பையே எடுத்துக்கும். உப்பு மண்ணு ஒட்டாது, காலு அரிக்கும். எனக்கு அவ்வளவுதான் சார் தெரியும்" என்பார். மாவட்டத்தின் மண் வரைபடம் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொரு முறை மொத்தச் சாகுபடிப் பரப்பு என்ற கணக்கு வந்தது. ஒரே நிலத்தில் ஒரு வருடத்தில் குறுவை, சம்பா, அதற்குப் பிறகு உளுந்து என்று மூன்று முறை விதைத்தால், ஒரு ஏக்கரை மூன்று ஏக்கராக எழுத வேண்டும். பாடப்புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் ஒரு பகுதியில் பயிர்ச் செறிவு எவ்வளவு என்று கணிக்கிறார்கள்.

"நிலம் ஒண்ணுதான சார் இருக்கு?"

"இருக்கிறது ஒண்ணு. பயன்பட்டது மூணு."

"அப்ப காலையில சமைச்சு, பகல்ல ஆபீசு வந்து, சாயங்காலம் மாமியாருக்குக் கால் அமுக்கி வுட்டா, என்னை மூணு பேருன்னு எழுதுவீங்களா?"

எழுத்தர் மேசையில் தட்டிச் சிரித்தார். நான் விதியின் பக்கத்தைக் காட்டினேன். அவர் படித்தார், ஒப்புக்கொண்டார், மூன்று ஏக்கர் என்று எழுதினார். மூன்று விதைப்பையும் நேரில் பார்த்திருந்ததால்தான் எழுதினார். உளுந்து பார்க்காத வருடம் இரண்டு ஏக்கரோடு நிறுத்திவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் போய் உளுந்தைப் பார்த்துவிட்டு வந்து மூன்றாவதை எழுதினார்.

அணில் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். அறுத்த நெல்லில் ஈரம் இருக்கும். அதனால் நிறுத்த நெல்லில் ஒரு கிலோவை எடுத்து வந்து நாள் கணக்கில் வெயிலில் காயவைத்து, மறுபடி நிறுத்து, எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் இந்த நெல் ஒரு பையில் அலமாரி மேல் கிடக்கும். குறையும் எடையைப் போன வருடத்துப் படிவத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியும், தெரிந்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இவர் மொட்டைமாடியில் சாக்கு விரித்து, நெல்லைப் பரப்பி, குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். நிழல் நெல்மீது விழாதபடி மணிக்கு ஒரு தரம் நகர்ந்து உட்காருவார். கீழே நின்று பார்த்தால் கைப்பிடிச் சுவருக்கு மேல் அந்தக் கறுப்புக் குடை மட்டும் தெரியும்.

ஒரு நாள் சாப்பிட இறங்கிய நேரத்தில் அணில் வந்துவிட்டது. படிவம் என் மேசைக்கு வந்தபோது காய்ந்த எடை என்ற கட்டத்தில், "அணில் தின்றது போக மீதம்" என்று எழுதி எண்ணைப் போட்டிருந்தார்.

"படிவத்துல அணிலுக்கு எடமில்லம்மா."

"அப்ப அணில் தின்னத வெயில்ல காஞ்சிபோச்சுன்னு எழுதணுமா சார்?"

"வழக்கமா எவ்வளவு கொறையுமோ அத எழுதுங்க."

"வழக்கத்த நான் பாத்ததில்ல சார்."

அந்த விவசாயியிடம் அதே குவியலில் இன்னொரு கிலோ வாங்க, விடுமுறை நாளில் சொந்தச் செலவில் பஸ் ஏறிப் போனார். அடுத்த நான்கு நாள் சாப்பாட்டு டப்பாவும் மாடிக்கு ஏறியது.

இப்படிப்பட்ட ஒருவர் கீழே வேலை செய்வது அலுவலகத் தலைவருக்கு வரமா, தொந்தரவா? வரம் என்று ஆண்டுக் குறிப்பில் எழுதினேன். தொந்தரவு என்று மனதில் வைத்திருந்தேன். அவர் அறைக்குள் நுழைந்தால் என்னையறியாமல் நிமிர்ந்து உட்காருவேன். அது மரியாதை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அந்த வருடச் சம்பாவில், கதிர் பழுக்கும் நேரத்தில் மழை விடாமல் பெய்தது. குமராட்சிக்கு அப்பால் கொள்ளிடக்கரையில் ஓர் ஊர். அங்கே குலுக்கலில் நான்கு வயல்கள் வந்திருந்தன. மூன்று மேட்டில் இருந்தன. அவற்றில் அறுவடை முடிந்துவிட்டது, சுமாரான விளைச்சல். நான்காவது வயல் பள்ளத்தில். ஊரின் பாதி நிலம் அந்தப் பள்ளத்தில்தான் கிடந்தது. அந்த நான்காவது சதுரத்தின் எடையும் சேர்ந்து வரும் சராசரி ஓர் அளவுக்குக் கீழே போனால், ஊர் முழுவதற்கும் பயிர்க் காப்பீடு கிடைக்கும். மேலே போனால் ஒருவருக்கும் கிடைக்காது. எனக்கு இது தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியும். ரோட்டில் கூடி நின்ற ஊர்க்காரர்கள் அனைவருக்கும் தெரியும்.

நானும் போயிருந்தேன். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் பார்வையாளராக வந்திருந்ததால் அலுவலகத் தலைவர் போவது உசிதம் என்று நினைத்தேன். பரிசோதனையைக் கைபேசியில் பதிவு செய்யும் ஏற்பாடு அப்போது வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் டவர் கிடைக்காது என்பதால் காகிதப் படிவமும் கொண்டுபோவோம்.

நான்காவது வயலைக் குத்தகைக்குப் பயிரிட்டவர் நாற்பது வயது இருக்கும் ஒரு மனிதர். கைலியைத் தொடைவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"வயலு அதோ சார், அந்தப் பனமரத்துக்கு இந்தாண்ட. தண்ணி முட்டிக்கு மேல கெடக்கு. வாங்க, நான் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறேன்."

இளைஞர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு அஞ்சரைக்கு ட்ரெயின் சார். நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி." அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. இதைப் பதிவு செய்கிறேன்.

நான் என் ஷூவைப் பார்த்தேன். மறுநாள் ஆய்வுக் கூட்டம். நிலுவைப் பரிசோதனைகள் என்ற கட்டத்தில் சிதம்பரத்துக்கு நேராக ஒன்று என்று இருந்தது. அது பூஜ்யமாக வேண்டும்.

"ரோட்டோரமா இருக்கே, அந்த வயல எடுத்துக்கலாம்" என்றேன்.

"அது குலுக்கல்ல வரல சார்" என்றார் அந்த அம்மா.

"அங்க போயி எத அறுக்கறது? ஒண்ணுமே இல்லியே."

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு நிறுத்து எழுதணும் சார். பூஜ்யமும் ஒரு மகசூல்தான். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

சொல்லித்தான் இருந்தேன். வகுப்பில் அந்த வாக்கியத்துக்கு எப்போதும் ஒரு சிரிப்பு கிடைக்கும்.

"இது என் உத்தரவும்மா."

"எழுதிக் குடுத்துடுங்க சார், ரோட்டோரத்துலயே அறுத்துடறேன்."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்கக் கூடாத உத்தரவுகள் எவை என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. எங்களுக்கு அது இல்லாமலே தெரியும்.

அவர் செருப்பைக் கழற்றி மதகின்மேல் வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பையோடு தண்ணீரில் இறங்கினார். கூட்டத்தில் ஒருவன், "மாமா, மேடம் எறங்கிட்டாங்க பாரு" என்றான். குத்தகைக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

நாங்கள் ரோட்டோர வயலில் வேலையை ஆரம்பித்தோம். கதிர் முற்றிய நல்ல வயல். கூலியாட்கள் அறுத்தார்கள், அடித்தார்கள், இளைஞர் படம் எடுத்தார். எடை திருப்தியாக வந்தது. இடையிடையே நான் நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் அவர் ஒரு மூலையிலிருந்து காலடிகளை எண்ணி நடப்பது தெரிந்தது. குலுக்கல் எண் சொல்லும் இடத்தில்தான் சதுரத்தின் மூலை விழ வேண்டும். அரை அடி தள்ளினாலும் அவருக்கு ஆகாது. முளையை நட்டார். தண்ணீருக்கு மேல் சிவப்புக் கயிறு ஒரு சதுரமாக நின்றது. அதற்குள் குனிந்து, பயிரைக் கையால் தடவித் தடவி அறுத்துக்கொண்டிருந்தார். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். அந்தச் சிவப்பு மட்டும்தான் நிறம்.

அவர் திரும்பியபோது இளைஞர் கிளம்பிப் போயிருந்தார். துணிப்பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாக்கில் கொட்டி அடித்துப் பார்த்தார்கள். பாதி முளைவிட்டிருந்தது, பாதி பதர். தராசைக் குத்தகைக்காரரின் கையில் பிடிக்கச் சொல்லி, "எல்லாரும் முள்ளப் பாத்துக்குங்க" என்றார். நூற்று எண்பது கிராம். ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து மூன்று பிரதிகள் எழுதினார். குத்தகைக்காரர் கையெழுத்துப் போட்டார். அவரும் போட்டார். அலுவலகத் தலைவர் என்ற இடம் மிச்சம் இருந்தது.

"நாளைக்கு ஆபீசுல பாத்துக்கலாம்" என்றேன்.

மறுநாள் என் மேசையில் ஒரே பரிசோதனைக்கு இரண்டு படிவங்கள் இருந்தன. அவருடையதை அனுப்பினால், பார்வையாளரின் கைபேசியில் வேறு வயலின் படம் ஏன் இருக்கிறது என்று நான் விளக்கம் எழுத வேண்டும். ரோட்டோரப் படிவத்தை அனுப்ப, வயலில் நின்ற களப் பணியாளரின் கையெழுத்து வேண்டும். அவரைக் கூப்பிட்டேன்.

"நான் அந்த வயல்ல நிக்கல சார்" என்றார்.

இனி நான் செய்ததைச் செய்த வரிசையில் சொல்கிறேன். களப் பணிக்குப் போகிறவர்கள் நேராக ஊருக்குப் போய்விடுவார்கள், வருகைப் பதிவேட்டில் அன்றைய கட்டம் காலியாக இருக்கும், மாதம் முடிந்ததும் வந்து மொத்தமாகக் களப்பணி என்று எழுதுவார்கள். அவருடைய முந்தின நாள் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அதில் சிவப்பு மையால் தற்செயல் விடுப்பு என்று குறித்தேன். வேறொரு பணியாளரைக் கூப்பிட்டு ரோட்டோரப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். "மேற்படி பணியாளர் அன்று விடுப்பில் இருந்தமையால், மாற்றுப் பணியாளரைக் கொண்டு பரிசோதனை நடத்தப்பட்டது" என்று ஒரு வரிக் கடிதம் தயாரித்து, கையெழுத்திட்டு, படிவத்தோடு இணைத்து மேலிடத்துக்கு அனுப்பினேன். நிலுவை பூஜ்யம் ஆனது.

மாத முதல் தேதியில் அவர் பதிவேட்டைப் பார்த்தார். என் அறைக்கு வந்து நின்றார். கோபம் இல்லை, குரல் உயரவில்லை.

"சார், அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?"

"ஒரு நாள் லீவுதானம்மா? வேற ஒரு நாள் ஈடு பண்ணிக் குடுத்துடறேன்."

"லீவு போனாப் போவுது சார். நான் எங்க இருந்தேன்?"

நான் ஒரு கோப்பைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஊரின் சராசரி அந்த அளவுக்கு மேலே வந்தது. காப்பீடு கிடைக்கவில்லை. அந்த வருடம் உற்பத்தி சிறப்பாக இருந்ததாக மேடையில் யாரோ வாசித்தார்கள். என் ரோட்டோரச் சதுரமும் அதற்குள் இருந்தது.

அவர் விண்ணப்பம் எழுதினார். இரண்டு கோரிக்கைகள். ஒன்று, அந்த நாளை விடுப்பிலிருந்து களப்பணியாக மாற்ற வேண்டும். இரண்டு, தாம் கொடுத்த படிவத்தைக் கோப்பில் சேர்த்து, அந்த ஊரின் மகசூலை மறுபரிசீலனை செய்ய வேண்டும். முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். நானும் அறிந்திருந்தேன். அவர் அன்று பணியில் இருந்தார் என்றால், அவருடைய படிவம்தான் செல்லும்.

விண்ணப்பம் முறைப்படி என் வழியாகத்தான் மேலே போக வேண்டும். ஒரு காகிதத்தை எப்படி அனுப்புவது என்று தெரிந்தவனுக்கு எப்படி அனுப்பாமல் இருப்பது என்பதும் தெரியும். ஆதாரம் இணைக்கவில்லை என்று திருப்பினேன். இணைத்துக் கொடுத்தார். உரிய படிவத்தில் இல்லை என்று திருப்பினேன். உரிய படிவத்தில் கொடுத்தார். பரிசீலனையில் உள்ளது என்று எழுதிக் கட்டி வைத்தேன். பரிசீலனைக்குக் கால வரம்பு இல்லை. அவர் மாதம் ஒரு நினைவூட்டு அனுப்பினார், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு. ஏழாவது நினைவூட்டின்போது, தலைமை அலுவலகத்துக்கு நேரடியாக விண்ணப்பத்தின் முன்நகல் ஒன்று அனுப்பியிருப்பதாகவும், தம் படிவத்தின் ஒரு பிரதியை அதில் வைத்திருப்பதாகவும் தெரிவித்திருந்தார். அப்படிச் செய்ய விதியில் இடம் உண்டு. அங்கிருந்தும் பதில் வரவில்லை.

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மாடியில் நெல் காய்ந்தது, குடை நகர்ந்தது. என்னிடம் முன்போலவே பேசினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினோராவது நினைவூட்டு கடலூரில் மருத்துவமனையிலிருந்து தபாலில் வந்தது. சிறுநீரகக் கோளாறு. எழுத்து கோணியிருந்தது, எண் சரியாக இருந்தது. பன்னிரண்டாவது வரவில்லை.

சாவு வீட்டுக்கு அலுவலகத்தோடு போனேன். அவருடைய கணவர் பஸ் பணிமனையில் டயர் வேலை செய்கிறவர். மாலையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு என்னைத் தனியே கூட்டிப்போனார்.

"சார், அந்த லெட்டருக்கு பதிலு வந்துச்சா?"

"வரும்" என்றேன்.

"வந்தா எங்கிட்ட குடுத்துருங்க சார். அவுங்க கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்தாங்க."

பணியில் இறந்தவரின் கணக்குகளை முடிக்க விடுப்புப் பட்டியல் தயாரிக்க வேண்டும். பட்டியலில் அந்த நாளும் இருந்தது. சரிபார்க்கப்பட்டது என்று எழுதி அடியில் கையெழுத்திட்டேன். இரண்டாவது முறையாக அவரை அந்த வயலிலிருந்து நானே வெளியே அனுப்பினேன்.

நான் ஓய்வு பெற்ற நாளில் பொன்னாடையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன பையில் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்த அவருடைய படிவமும் இருந்தது. தண்ணீர் பட்டு மை பரவிய பிரதி. நூற்று எண்பது என்பது மட்டும் தெளிவாக இருக்கும். இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. அலுவலக ஆவணத்தை வீட்டில் வைத்திருப்பது என்ன குற்றம், எந்தப் பிரிவு என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் குமராட்சி வழியாக மினிபஸ்ஸில் போனேன். இரண்டு பக்கமும் தண்ணீர். வயலின் நடுவே யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பஸ் நெருங்க நெருங்க அந்த உருவம் நிமிரவே இல்லை. மோட்டார்க் கொட்டகையின் சாய்ந்த தூண் என்று கடந்த பிறகு தெரிந்தது. ஆனாலும் உட்கார முடியவில்லை.

"என்னா சார், எறங்கற எடம் வந்துருச்சா?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். பார்த்தால் அந்தக் குத்தகைக்காரர். குத்தகையை அந்த வருடத்தோடு விட்டுவிட்டாராம். இப்போது சிதம்பரத்தில் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பழைய கசப்பு எதுவும் காட்டவில்லை.

"அந்த மேடம் நல்லா இருக்காங்களா சார்?"

சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஒரு நாளு, அட்டை அவுங்க காலு பூரா ஒட்டிக்கினு இருந்துச்சு. உப்பு வாங்கியாரச் சொல்லி நான்தான் எடுத்துவுட்டேன். ஊரே பாத்துச்சு சார் அவுங்கள."

ஊர் பார்த்தது. காகிதம் பார்க்கவில்லை.

அந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். அந்த ஊரின் நான்காவது பரிசோதனை தொடர்பாக அந்தப் பணியாளர் அனுப்பிய முன்நகலும் அதோடு இருந்த படிவமும் வேண்டும் என்று கேட்டேன். என் கணக்கு எளியது. அந்தப் பிரதி அங்கே ஏதாவது ஒரு கோப்புக்கட்டுக்குள் கிடக்கும். அவர்களே கண்டுபிடித்து அனுப்பினால், அந்த அம்மா வயலில் நின்றார் என்று அரசாங்கமே சொன்னதாக ஆகும். அதை அவருடைய கணவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். என் வாயால் எதுவும் சொல்ல வேண்டியிராது. முப்பது வருடப் பழக்கம், உண்மையைக்கூட உரிய வழியில் இன்னொருவர் அனுப்பி வைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன்.

மனு இந்த அலுவலகத்துக்கு உரியதல்ல என்று வேறோர் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து கடலூருக்கு. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு, நான் உட்கார்ந்திருந்த அதே அறைக்கு. நினைவூட்டு அனுப்பினேன். எண் போட்டுத்தான் அனுப்பினேன். மூன்று நினைவூட்டுகள் போயின.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. ஒரு பக்கம்தான். கோரிய முன்நகல் இவ்வலுவலக ஆவணங்களில் காணப்படவில்லை. மேலும், மேற்படி பணியாளர் குறிப்பிட்ட நாளில் தற்செயல் விடுப்பில் இருந்ததாக அப்போதைய அலுவலகத் தலைவரின் கடிதம் கோப்பில் உள்ளதால், அவர் பெயரில் அன்றைய பரிசோதனைப் படிவம் இருக்க வாய்ப்பில்லை. அக்கடிதத்தின் சான்றிட்ட நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இணைப்பைப் பார்த்தேன். ஒரு வரி. அடியில் என் கையெழுத்து, நல்ல தெளிவாக, மசி கொஞ்சமும் மங்காமல்.

பதிலில் திருப்தி இல்லையெனில் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரி சொல்கிறது. யாருக்கு எழுத வேண்டும் என்ற முகவரியும் இருக்கிறது. மேல்முறையீட்டில் காரணம் காட்ட வேண்டும். என்னிடம் இருப்பது ஒரே காரணம்: இணைக்கப்பட்ட கடிதம் பொய், எழுதியவன் நான், உண்மையான படிவம் என் வீட்டில் இருக்கிறது. அதற்குக் காலக்கெடு முப்பது நாள். பதில் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு நான் அதை வாங்கியது பிப்ரவரி பதினாறு, திங்கட்கிழமை.